அம்மாவின் பெயர் உறுதியின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது

திருகோணமலையிலிருந்து ஒரு வாசகி ஆறு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். ஆசிரியை; வயது ஐம்பதைத் தாண்டியவர். குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய தாயார் 1938இல் பிறந்தவர். தாத்தாவுக்குக் கடற்படைத் தளத்தில் வேலை. 1957இல் பிரித்தானியர் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது அந்த வேலையும் போயிற்று. ஐந்து பிள்ளைகளில் மூத்தவரான தாயார் சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் பழகி, அடுத்த வருடமே நகரில் ஒரு புரொக்டரிடம் (அந்நாளைய சட்டத்தரணிகளில் ஒரு பிரிவினர்) எழுதுவினைஞராகச் சேர்ந்தார். 1979இல் கணவர் இறந்தபோது மூன்று பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில். அந்த ஒரு சம்பளத்தில் மூவரையும் படிக்க வைத்தார். 2001இல் புரொக்டர் காலமாகி அலுவலகம் மூடப்படும்வரை அதே மேசையில் 43 வருடங்கள் இருந்தார். போன வருடம், 86 வயதில், தூக்கத்திலேயே போய்விட்டார்.

31ஆம் நாள் கன்னியாவில் அந்தியேட்டி முறைப்படி நடந்தது. அன்று கொடுக்கும் நினைவுச் சிறுநூலான கல்வெட்டு மட்டும் அச்சாகவில்லை. கனடாவில் இருக்கும் மூத்த அண்ணா, "தேவாரமும் வம்சாவளியும் இரண்டு பாட்டும் போதும், கிளாக்கர் வேலை பார்த்ததை எல்லாம் அச்சிலே போட வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார். வாசகிக்கு மனம் ஒப்பவில்லை. ஆண்டுத் திவசத்துக்கு ஒரு நினைவு மலராவது கொண்டுவர வேண்டும் என்று அம்மாவின் றங்குப் பெட்டியைத் திறந்திருக்கிறார். உள்ளே பதினொரு சுருக்கெழுத்துக் கொப்பிகள், உறுதி எனப்படும் காணிப் பத்திரங்களின் பிரதிகள் ஒரு கட்டு, வழக்காளிகளுக்கு எழுதிய கடிதங்களின் கார்பன் பிரதிகள், வெள்ளைத் துணியில் சுற்றிய இரண்டு மூல உறுதிகள். அந்த இரண்டும் யாரோ இரு குடும்பங்களுக்குச் சொந்தமானவை.

இவற்றை மலரில் போடலாமா, உறுதிகளை முகநூலில் படம் போட்டு உரியவர்களைத் தேடலாமா, அம்மாவுக்கு ஊழியர் சேமலாப நிதி ஏதும் உண்டா, வீட்டில் தனக்குப் பங்கு உண்டா என்று கேட்கிறார். கடைசியில் ஒரு வரி: "இவ்வளவு உழைத்த அம்மாவின் பெயர் எந்தக் கடதாசியிலும் இல்லை. எல்லாம் புரொக்டர் ஐயாவின் பெயரில்தான்."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியில் இருந்தே தொடங்குகிறேன். அது தவறு என்பதை நீங்கள் அறிந்தால் மற்றக் கேள்விகள் பாதி இலகுவாகிவிடும்.

இந்த நாட்டில் ஒரு காணியை விற்பதானாலும் நன்கொடையாகக் கொடுப்பதானாலும், 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு நொத்தாரிசும் (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்த அதிகாரம் பெற்றவர்; உங்கள் புரொக்டர் ஐயாவும் அப்படி ஒருவர்) குறைந்தது இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னிலையில் இருக்க வேண்டும். உறுதி எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் சாட்சியைக் கையோடு கூட்டி வருவதில்லை. அப்போது நொத்தாரிசு தம் எழுதுவினைஞரைத்தான் கூப்பிடுவார். கையெழுத்திடுகிறவரை நொத்தாரிசுக்குத் தெரியாவிட்டால், அந்த இரண்டு சாட்சிகளுக்காவது அவரைத் தெரிந்திருக்க வேண்டும். "இவர்தான் அவர், எனக்குத் தெரியும்" என்று பொறுப்பெடுக்கும் கையொப்பம் அது. பிறகு நொத்தாரிசு கடைசிப் பக்கத்தில் எழுதும் அத்தாட்சியில் சாட்சிகளின் முழுப் பெயரும் வதிவிடமும் வரும்.

ஆகவே உங்கள் அம்மாவின் பெயர், அவர் இருந்த தெருவின் பெயரோடு, அந்த அலுவலகத்தில் எழுதிய எத்தனையோ உறுதிகளின் கடைசிப் பக்கத்தில் நிச்சயம் இருக்கும். உவர்மலையில், சாம்பல்தீவில், நிலாவெளியில், தம்பலகாமத்தில் அலுமாரிகளுக்குள் இருக்கும். அவற்றின் இணைப்பிரதிகள் காணிப் பதிவகத்திலும் இருக்கும். புரொக்டர் ஐயாவின் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

அந்த வேலை என்ன வேலை

உங்கள் அண்ணாவுக்கு இதை நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஓர் உறுதிக்கு மூன்று பிரதி வேண்டும். மூலம் உரியவருக்கு, ஒன்று நொத்தாரிசின் கோவைக்கு, இணைப்பிரதி காணிப் பதிவாளருக்கு. முன்மாதம் எழுதிய உறுதிகளின் இணைப்பிரதிகள் எல்லாம் ஒவ்வொரு மாதமும் 15ஆம் திகதிக்குள் பதிவாளரிடம் போய்ச் சேர வேண்டும். கணினி இல்லாத காலத்தில் கார்பன் தாள் வைத்து அடிப்பார்கள். அடிப் பிரதியும் தெளிவாக விழ வேண்டுமானால் ஒவ்வோர் எழுத்தையும் ஒரே பலத்தில் குத்த வேண்டும். விரல் நுனி மரத்துப் போகும். பத்து ஏக்கர் வயலுக்கும் பத்துப் பேர்ச் வளவுக்கும் கவனம் ஒன்றுதான். நாற்பது பேர்ச் ஒரு றூட், நாலு றூட் ஓர் ஏக்கர். ஓரிடத்தில் றூட்டும் பேர்ச்சும் மாறிவிட்டால் பேரப்பிள்ளை காலத்தில் அது வழக்காக வந்து நிற்கும்.

தட்டெழுத்தில் பிழை வந்தால் அழித்துவிட்டுப் போக முடியாது. எந்தப் பக்கத்தில், எந்த வரியில், எந்தச் சொல் வெட்டப்பட்டது, எது சேர்க்கப்பட்டது என்று நொத்தாரிசு அத்தாட்சியில் எழுதியாக வேண்டும். "வடக்கு" வெட்டப்பட்டு "கிழக்கு" எழுதப்பட்டது என்ற குறிப்பு அந்தக் காணி உள்ளவரை கூடவே வரும். அதற்கு இடம் கொடுக்காமல் முழுப் பக்கத்தையும் மூன்று பிரதியோடும் திரும்ப அடித்தவர்களை நான் கண்டிருக்கிறேன். உங்கள் அம்மா இரவில் வீட்டிலும் அடித்தார், வரி முடிவில் மணி அடிக்கும் சத்தத்தில்தான் நித்திரையானோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக அந்தச் சத்தத்தில் பாதி, இரண்டாம் முறை அடித்த பக்கங்களுடையதாக இருக்கும்.

நான் நொத்தாரிசாகச் சத்தியம் செய்து முதல் உறுதியை எழுதியபோது, என் மூத்த சட்டத்தரணியின் எழுதுவினைஞர் அம்மா பக்கத்தில் நின்றார். நான் எல்லைகளை வேகமாக வாசித்துக்கொண்டு போனேன். அவர் தாளில் விரலை வைத்து, "சேர், நாலு பக்கத்தையும் ஒவ்வொன்றாகக் கைகாட்டி வாசியுங்கள்; விற்கிறவர் தன் வளவை மனதில் சுற்றி வரட்டும்" என்றார். சட்டக் கல்லூரியில் எனக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. இன்றும் அப்படித்தான் வாசிக்கிறேன். 1974இல் புரொக்டர், அத்துவக்காத்து (நீதிமன்றில் வாதாடுபவர்) என்ற பிரிவு போய் எல்லோரும் சட்டத்தரணிகள் ஆனோம், நீதிமன்ற மொழி மாறியது, படிவங்கள் மாறின. ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் விரலால் பழகியவர்கள் இந்தப் பெண்கள்தாம். தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்த முத்தையா யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்தவர் என்பதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பொறியில் நாள் முழுக்க இருந்து ஊரின் காணி, கலியாணம், கடன் எல்லாவற்றையும் அடித்தவர்களைப் பற்றி அநேகமாக எவரும் எழுதுவதில்லை. உங்கள் மலரில் எழுதுங்கள். இரண்டு பக்கம் எழுதினாலும் போதும். ஆனால் தேவாரத்துக்கு அடுத்த பக்கத்திலேயே அது வரட்டும்.

பெட்டிக்குள் இருப்பவை

இங்கே நீங்கள் ஒன்றை மாற்றி நினைத்திருக்கிறீர்கள். "அம்மாவின் பெட்டி, அதனால் எங்கள் சொத்து" என்கிறீர்கள். பெட்டி உங்களுடையது. உள்ளே உள்ள கடதாசிகளில் பல உங்களுடையவை அல்ல.

வழக்காளி தன் சட்டத்தரணியிடம் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்று 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது; அதன் 127ஆம் பிரிவு அதே கட்டுப்பாட்டை எழுதுவினைஞருக்கும் வைக்கிறது. வேலை முடிந்த பிறகும் அது தொடரும். அதை விலக்கும் உரிமை வழக்காளிக்கு மட்டுமே உண்டு. அம்மா 43 வருடம் வாய் திறக்காமல் இருந்தது இதனால்தான். "வீட்டில் அலுவலகக் கதை ஒன்றும் பேசமாட்டா, எங்களோடு ஒட்டாதவ போல இருந்தா" என்று ஓரிடத்தில் குறைப்பட்டிருக்கிறீர்கள். ஊரில் யார் யாரை ஏமாற்றினார், எந்தப் பிள்ளைக்கு எழுதாமல் விட்டார், எந்த வீடு ஈட்டில் மூழ்கப் போகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கோயிலிலும் கலியாண வீட்டிலும் அதே மனிதர்களைப் பார்த்துச் சிரித்துப் பேச வேண்டும். அந்த மௌனத்துக்கும் உங்கள் மீதான அன்புக்கும் சம்பந்தமில்லை, சகோதரி. அதுவும் அவர் செய்த வேலைதான்.

ஆகவே வழக்காளிகளுக்கு எழுதிய கடிதப் பிரதிகளில் ஒரு வரிகூட அச்சில் வரக்கூடாது. ஒரு மரண சாசனத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முன்கூட்டியே அறிய, இரவில் ஒருவர் பணத்தோடு வீட்டுக்கு வந்த சம்பவத்தைப் பெயர், தெரு, வருடம் எல்லாம் சேர்த்துப் போட விரும்புகிறீர்கள். அம்மா கதவைப் பாதி மட்டும் திறந்து நின்றதும், தேநீர் கொடுத்ததும், காசுக் கட்டை அவர் சைக்கிள் கூடையிலேயே திரும்ப வைத்ததும் அருமையான காட்சி. அதை அப்படியே எழுதுங்கள். பெயர், தெரு, வருடம் மூன்றையும் எடுத்துவிடுங்கள். 2002இல் குற்றவியல் அவதூறுச் சட்டம் நீக்கப்பட்டாலும் குடியியல் வழக்குப் போடத் தடையில்லை. அதைவிடப் பெரியது, அந்த மனிதரின் பெயரை அம்மாவே உங்களிடம் சொல்லவில்லை என்பது. பக்கத்து வீட்டார் சொல்லித்தான் தெரியும் என்கிறீர்கள்.

உறுதிப் பிரதிகளைக் கவனமாகப் பாருங்கள். நொத்தாரிசின் கையொப்பத்தோடு, இலக்கமிட்டு இருந்தால் அவை அவருடைய கோவைக்கு உரியவையாக இருக்கலாம். நொத்தாரிசு இறந்தால் அந்தக் கோவை காணிப் பதிவாளரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது சட்டம். அலுவலகம் அவசரத்தில் மூடப்பட்டபோது ஒரு கட்டு வீட்டுக்கு வந்திருக்கக்கூடும். பயப்பட ஒன்றுமில்லை; ஒரு சட்டத்தரணியின் கடிதத்தோடு ஒப்படைத்து, பெற்றதற்கு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற இடத்தில் பிரதி அழிந்தவருக்கு உங்கள் கட்டு ஒன்றே சான்றாக இருக்கலாம். எரித்துவிடாதீர்கள்.

சுருக்கெழுத்துக் கொப்பிகள் பெரும்பாலும் ஐயா சொல்லச் சொல்ல எழுதியவையாகத்தான் இருக்கும். ஆனால் பூப்போட்ட அட்டையுள்ள ஒன்று மட்டும் திகதியிட்டு, 1979இல் தொடங்குகிறது என்கிறீர்கள். அது உங்கள் தந்தை இறந்த வருடம். ஓய்வுபெற்ற நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து, அதன் முதல் பக்கத்தை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். அலுவலகக் குறிப்பானால் அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள். அம்மாவின் சொந்த எழுத்தானால், முழுவதையும் நீங்கள் கேட்ட பிறகு, அச்சுக்குப் போகலாமா என்று மெதுவாக முடிவு செய்யுங்கள். மற்றப் பத்துக் கொப்பிகளையும் படம் எடுத்து எவருக்கும் அனுப்ப வேண்டாம்.

துணியில் சுற்றிய இரண்டு உறுதிகள்

1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது, ஊரை விட்டு ஓடியவர்கள் சிலர் உறுதியைப் புரொக்டரிடமும் எழுதுவினைஞரிடமும் கொடுத்துவிட்டுப் போனார்கள். உங்கள் அம்மாவின் பெட்டியில் இருப்பவை அந்த வகையாக இருக்கலாம். முகநூலில் படம் போடுவதைத் தயவுசெய்து கைவிடுங்கள். உறுதி இலக்கம், திகதி, நில அளவைப் படத்தின் இலக்கம், உரியவரின் பெயர், கையொப்பம் எல்லாம் ஒரே படத்தில் கிடைத்தால் கள்ள உறுதி முடிக்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்? சொந்தக்காரர் வெளிநாட்டில், காணி வெறுங்காணி என்றால் ஆபத்து இரட்டிப்பு.

செய்ய வேண்டியது வேறு. காணிப் பதிவகத்தில் அந்த உறுதிகளின் பதிவேட்டுப் பக்கத்தைப் பார்க்கலாம். அதற்குப் பிறகு விற்பனை ஏதும் பதிவாகியிருக்கிறதா, இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று தெரியும். பிறகு அந்தப் பகுதிக் கிராம சேவையாளரிடம் குடும்பத்தை விசாரியுங்கள். உரியவரோ வாரிசோ கிடைத்தால் ஒரு சட்டத்தரணியின் முன் அடையாளம் பார்த்துக் கொடுத்து, கையெழுத்து வாங்குங்கள். அவர்கள் கையில் உறுதி சேருவது சின்ன விடயமில்லை. பிறர் காணியைப் பத்து வருடம் தடையின்றி ஆண்டுவந்தவர் அதற்கு உரிமை கோரலாம் என்பது வழமையான சட்டம். யுத்தத்தால் காணிக்குத் திரும்ப முடியாமல் போனவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்து, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட வழி செய்தது. 2009இல் இருந்து இப்போது எத்தனை வருடம் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் குடும்பங்கள் காத்திருக்க நேரமில்லை.

சேமலாப நிதியும் வீடும்

"ஒரே ஒருவர் வேலை செய்த இடம், அதனால் சேமலாப நிதி கட்டத் தேவையில்லை" என்று யாரோ சொன்னது பிழை. 1958ஆம் ஆண்டின் சட்டம் ஒரு தொழிலாளி இருந்தாலும் பொருந்தும். சம்பளத்தில் தொழில் தருநர் 12 வீதம், தொழிலாளி 8 வீதம் கட்ட வேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில் தருநர் இன்னும் 3 வீதம். பணிக்கொடைச் சட்டம்தான் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்கானது; இரண்டையும் குழப்பியிருக்கிறார்கள். அம்மாவின் அடையாள அட்டை இலக்கத்தோடு தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் கணக்கு இருந்ததா என்று கேளுங்கள். இருந்தால் நியமிக்கப்பட்டவர், இல்லையேல் வாரிசுகள் பெறலாம். கட்டவே இல்லையென்றால், தொழில் தந்தவர் இறந்து இத்தனை வருடத்துக்குப் பிறகு அறவிடுவது மிகக் கடினம். அதில் அதிக நம்பிக்கை வைத்து உங்களை வருத்திக்கொள்ள வேண்டாம்.

எத்தனையோ பேரின் மரண சாசனத்தை அடித்தவர் தனக்கு ஒன்று எழுதாமல் போய்விட்டார் என்கிறீர்கள். எழுதாவிட்டாலும் வழி இருக்கிறது. "சீதனம் வாங்கிய பெண்ணுக்குப் பங்கில்லை" என்று அண்ணாமார் சொல்வது தேசவழமையை நினைத்து. அது வட மாகாணத்தை வதிவிடமாகக் கொண்ட தமிழருக்கான சட்டம். இரு பக்கமும் திருகோணமலையே பூர்வீகமான உங்கள் குடும்பத்துக்கு 1876ஆம் ஆண்டின் பொதுச் சட்டம்தான். தந்தையும் இல்லாததால் மூன்று பிள்ளைகளுக்கும் சமபங்கு. ஆனால் கலியாணத்தில் உங்களுக்குக் கூடுதலாகக் கொடுத்தது இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்கச் சொல்லி அவர்கள் கேட்கலாம். அந்தப் பேச்சைத் திவசத்துக்குப் பிறகு வையுங்கள். மலரும் பங்கும் ஒரே தொலைபேசி அழைப்பில் வந்தால் இரண்டும் கெடும்.

மலருக்கு

"அம்மா என்னோடு இருந்ததைவிடத் தட்டச்சுப் பொறியோடு இருந்ததுதான் அதிகம், அதை எழுதினால் குறை சொன்னதாகுமா?" என்று தயங்குகிறீர்கள். எழுதுங்கள். காய்ச்சல் நாளில் உங்களை அலுவலக வாங்கில் படுக்க வைத்து, ஒரு கையால் நெற்றியைத் தொட்டு மறு கையால் தாளை உருட்டினார் என்ற இடத்தை நான் இரண்டு முறை வாசித்தேன். அதில் குறையும் இருக்கிறது, தாயும் இருக்கிறார். பாட்டு எழுதுகிறவர்கள் எல்லாத் தாய்க்கும் ஒரே பாட்டைத்தான் எழுதுவார்கள். அந்த வாங்கு உங்கள் அம்மாவிடம் மட்டும்தான் இருந்தது. மைக் கறை போவதற்குத் தேசிக்காய்த் தோலால் விரலைத் தேய்ப்பார் என்பதையும் விட்டுவிடாதீர்கள். 1958ஆம் ஆண்டின் நியமனக் கடிதத்தைப் படமாகப் போடலாம்; அது அவருடையது.

சாட்சிக் கையொப்பங்களும் சில சேர்க்கலாம். உறவினரும் அயலவரும் தங்கள் உறுதியின் கடைசிப் பக்கத்தைப் பார்க்கட்டும். சம்மதித்தால் அம்மாவின் கையொப்பம் விழுந்த வரியை மட்டும் வெட்டிப் படம் எடுங்கள். இலக்கமோ எல்லையோ தெரியக்கூடாது. கலியாணமான பிறகு பெயர் மாறியிருக்கும், கையெழுத்தும் மாறியிருக்கும். இளம் வயதுக் கையொப்பம் ஒன்றும் கடைசிக் காலத்துக் கையொப்பம் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

மூத்த அண்ணா வெளிநாடு போகுமுன் அன்புவழிபுரத்தில் வாங்கிய காணிக்கு உறுதி அந்த அலுவலகத்திலேதான் முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அவரோடு வாதாட வேண்டாம். "அண்ணா, உங்கள் உறுதியை எடுத்து, கடைசிப் பக்கத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள்; மலருக்கு வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள். வேறொன்றும் சொல்லாமல், அவர் அதை எடுத்து வாசிக்கும்வரை பொறுத்திருங்கள்.